ஐந்தாவது பந்தேற்போன்

ஒரு பந்தியிலே முதலாவது இலையில் யாரை இருத்துவது என்பதில் அதிகம் சண்டை வருவதில்லை. கடைசி இலை யாருக்கு என்பதிலேதான் மனத்தாங்கல் பிறக்கிறது. அமெரிக்க உதைபந்தாட்ட அணிகளின் நிலையும் இதுவே. அணியின் தலைசிறந்த வீரர் யார் என்று கேட்டால் ரசிகர் அனைவரும் ஒரே பெயரைச் சொல்வர். ஆயின், ஐந்தாவது ஆளாக யாரை வைத்திருக்க வேண்டும், அவனுக்கு என்ன வேலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டாலோ, தந்தையும் மகனும் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். 2014ஆம் ஆண்டு தொடக்கம் நான்கு வருட காலம் கிறீன் பே என்னும் சிறு நகரத்தை இங்ஙனம் இரு கட்சியாக்கிய ஓர் இளைஞரின் கதையே இது.

உதைபந்தாட்டம் என்னும் பெயரைக் கேட்டு வாசகர்கள் மயங்கவேண்டாம். அமெரிக்கர் ஆடும் அவ்வாட்டத்திலே கால் பந்தைத் தொடுவது அரிது. கண்டியிலும் கொழும்பிலும் நம்மவர் ஆடும் றகர் ஆட்டத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். றகரிலே பந்தைக் கையால் முன்னோக்கி வீசுவது குற்றம். அமெரிக்கரோ 1906ஆம் ஆண்டிலேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டனர். அன்று முதல், பின்னே நின்று பந்தை வீசுவதற்கு ஒருவர், முன்னே ஓடிச்சென்று அதைப் பிடிப்பதற்குச் சிலர் என்று ஆட்டம் வகுபட்டுப்போயிற்று. வீசுபவரைக் 'குவாட்டர்பக்' என்றும், பிடிப்பவரை 'றிசீவர்' என்றும் அழைப்பர். நாம் பந்தெறிவோன், பந்தேற்போன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்கு. இவ்வளவு தெரிந்தால் இக்கதைக்குப் போதும்.

கிறீன் பே, விஸ்கொன்சின் மாநிலத்திலே ஏறத்தாழ 107,000 மக்கள் வாழும் ஊர். நியூயோர்க், சிக்காகோ போன்ற மாநகரங்களுக்குச் சமமாக இவ்வூருக்கும் ஓர் அணி இருப்பதே ஓர் அதிசயம். 1919ஆம் ஆண்டில் இறைச்சி பொதிசெய்யும் கம்பனி ஒன்று சீருடைக்குப் பணம் கொடுத்ததனால் அணிக்குப் 'பக்கர்ஸ்' என்ற பெயர் வந்தது. அதைவிட அதிசயம், அவ்வணிக்குத் தனி முதலாளி ஒருவருமில்லை. ரசிகர்களே பங்குதாரர்கள், இன்று அவர்கள் தொகை 5 இலட்சத்துக்கும் மேல். அப்பங்குக்கு இலாபப் பணம் ஒரு சதமேனும் கிடையாது. கிடைப்பதெல்லாம், 'இது எங்கள் அணி' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்றுதான். அவ்வுரிமையை அவர்கள் சும்மா வைத்திருப்பார்களா? மதுச்சாலையிலும், மாதா கோவில் வாசலிலும், வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தும் அணியின் ஒவ்வொரு இடத்தையும் அலசித் தள்ளுகிறார்கள்.

ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியில் பயிற்சி தொடங்கும்போது அங்கே ஓர் அழகான வழக்கம் உண்டு. ஊர்ச் சிறுவர்கள் தங்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்து லம்போ மைதானத்தின் வாசலிலே காத்து நிற்பார்கள். மலைபோன்ற ஆட்டக்காரர்கள் அச்சிறு சைக்கிள்களில் ஏறி, முழங்கால் தாடையில் இடிக்க இடிக்கப் பயிற்சித் திடலுக்குச் செல்வர். தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு சைக்கிளின் சொந்தக்காரன் பக்கத்திலே ஓடுவான். வின்ஸ் லொம்பார்டி பயிற்றுநராக இருந்த காலத்திலிருந்து நடந்துவரும் வழக்கம் இது. தன் சைக்கிளில் ஏறியவர் ஆகஸ்ட் முடிவில் அணியில் இருப்பாரோ இல்லையோ என்பது அச்சிறுவனுக்கும் தெரியாது, ஏறியவருக்கும் தெரியாது.

ஏனெனில், பயிற்சிக்கு 90 பேரை அழைக்கும் ஓர் அணி, போட்டிகள் தொடங்குமுன் அத்தொகையை 53 ஆகக் குறைத்துவிட வேண்டும் என்பது சட்டம். இவ்வாறு 32 அணிகள். ஒரே காலத்தில் 1,184 பேர் தொழில் இழக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களிற் சிலர் 'பயிற்சிக் குழு' என்ற பெயரில் குறைந்த வேதனத்துக்கு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவர். 2014ஆம் ஆண்டில் 53 பேருள் ஒருவராகிய புதுமுகத்துக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 420,000 டொலர். பயிற்சிக் குழுவில் இருப்பவருக்குக் குறைந்தபட்சம் கிழமைக்கு 6,300 டொலர். கடைசி இலைக்கும் வாசற்படிக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் இளைஞனை 53இலிருந்து நீக்கிப் பயிற்சிக் குழுவில் ஒளித்து வைக்கலாம் என்று ஓர் அணி எண்ணினால், இடையிலே வேறோர் அணி அவனைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆகவேதான் ரசிகர்கள் ஆகஸ்ட் மாதத்தில் உறக்கமின்றி விவாதிக்கிறார்கள்.

ஐம்பத்துமூவரில் பந்தேற்போருக்கு ஒதுக்கக்கூடிய இடம் ஐந்து அல்லது ஆறு. முதல் மூவர் வழமையாக ஆடுவர். நாலாமவர் அவர்களுள் ஒருவர் அடிபடும்போது ஆடுவார். ஐந்தாமவரோ பந்தேற்பதற்காகவே வந்தவரெனினும் பெரும்பாலும் பந்தேற்க மாட்டார். எதிரணியை நோக்கிப் பந்து உதைக்கப்படும்போது முழுமூச்சாய் ஓடிச்சென்று, பந்தை எடுப்பவனை விழுத்துவது அவர் வேலை. தாம் கற்ற வித்தையைக் காட்ட வழியின்றி, கல்லாத வித்தையால் சோறு தேடும் நிலை அது.

2014 மே மாதத்தில் புதுமுகங்களைத் தெரிவு செய்தபோது பக்கர்ஸ் அணி மூன்று பந்தேற்போரை எடுத்தது. இரண்டாவது சுற்றில், 53ஆம் ஆளாக டவான்டே அடம்ஸ். ஐந்தாவது சுற்றில் விஸ்கொன்சின் மண்ணின் மைந்தராகிய ஜாறெட் அபிரெடெறிஸ். கடைசியாகிய ஏழாவது சுற்றில், தெரிவான 256 பேரில் 236ஆவது ஆளாக ஜெவ் ஜானிஸ். மிச்சிகன் மாநிலத்தவரான ஜானிஸ், சாகினோ வலி ஸ்ரேற் என்னும் இரண்டாந்தரப் பிரிவுப் பல்கலைக்கழகமொன்றில் ஆடியவர். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டத்தை நாடே தொலைக்காட்சியிற் பார்க்கும். இவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர் மிகச் சிலர். ஆயினும் ஆறடி மூன்றங்குல உயரமும், 40 யார் தூரத்தை 4.42 செக்கனில் ஓடும் கால்களும் அவருக்கு இருந்தன. அவ்வளவு பெரிய உடலுக்கு அவ்வளவு வேகம் வாய்ப்பது அருமை.

ஆகஸ்ட் மாத ஒத்திகைப் போட்டிகளில் அவர் பந்தோடு ஓடியதைக் கண்ட ஊர் எழுந்து நின்றது. கடைசிச் சுற்றில், யாரும் அறியாத கல்லூரியிலிருந்து, இப்படியொரு மின்னல்! அபிரெடெறிஸ் பயிற்சியின்போதே முழங்கால் நாணறுந்து அவ்வாண்டு முழுவதும் படுத்துவிட்டமையால், ஜானிஸுக்கு இடமுங் கிடைத்தது. ஆனால் போட்டிகள் தொடங்கியபின் அவரைக் களத்தில் காண்பதே அரிதாயிற்று. 2014 பருவம் முழுவதிலும் அவர் பிடித்த பந்துகள் இரண்டு. தூரம் 16 யார்.

இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது.

ஜானிஸ் கட்சியார் வாதம் எளிமையானது. வேகம் கற்றுக்கொடுத்து வருவதன்று, மற்றவையெல்லாம் கற்கக்கூடியவை. களத்தில் இறக்காமல் ஒருவன் எங்ஙனம் கற்பான்? நீச்சல் தெரிந்த பின்னர்தான் ஆற்றில் இறங்கலாம் என்பது என்ன நியாயம்? எதிர்க்கட்சியாரோ, பயிற்சித் திடலில் நாள்தோறும் அவனைப் பார்ப்பவர்கள் பயிற்றுநர்கள். அவர்களுக்கு வெல்லும் ஆசை நம்மிலும் அதிகம். தகுதியிருந்தால் ஒளித்தா வைப்பார்கள் என்றனர். அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டிய குறை, ஜானிஸின் ஓட்டப் பாதை செம்மையாக இல்லை என்பது.

ஓட்டப் பாதை என்பதைச் சற்றே விளக்குதல் வேண்டும். இவ்வழக்கின் உயிர்நிலை அதிலேதான் இருக்கிறது. பந்தேற்போன் தன்னிச்சையாக ஓடுவதில்லை. அவன் ஓடவேண்டிய பாதைகளைப் பூச்சியம் முதல் ஒன்பது வரை இலக்கமிட்டு ஒரு படமாக வரைந்திருக்கிறார்கள். நடுவே அடிமரம், இருபுறமும் கிளைகள். ஆதலால் அதற்கு 'மரம்' என்றே பெயர். ஒன்பதாம் இலக்கம் நேரே முடிவுவரை ஓடுதல். மற்றவையெல்லாம் இத்தனை அடி வைத்தபின் இப்பக்கம் திரும்பு, அத்தனை யாரில் நின்று மீள் என்னும் நுட்பங்கள். பந்தெறிவோன் பெரும்பாலும் மூன்று செக்கனுக்குள் பந்தை விட்டுவிட வேண்டும். இல்லையேல் எதிரிகள் அவனை மண்ணைக் கவ்வச் செய்துவிடுவர். ஆகவே, பந்தேற்போன் திரும்பிப் பார்க்குமுன்னரே, அவன் வந்து சேரப்போகும் வெற்றிடத்தை நோக்கிப் பந்து புறப்பட்டுவிடும். அவன் ஓரடி முந்தினாலும் பிந்தினாலும் பந்து எதிரியின் கைக்குப் போகும். பழியோ எறிந்தவனுக்கு.

இதனினும் கடினம் ஒன்றுண்டு. எதிரணிக் காவலர் நிற்கும் விதத்தைப் பார்த்து, ஓடும்போதே பாதையை மாற்றவேண்டிய கட்டங்கள் பல. அப்போது எறிபவரும் ஏற்பவரும் வாய்பேசாமல் ஒரே முடிவுக்கு வருதல் வேண்டும். கிறீன் பேயின் பந்தெறிவோர் அக்காலத்தில் ஏறன் றொட்ஜர்ஸ். அவருக்கும் ஜோர்டி நெல்சன் என்னும் மூத்த பந்தேற்போருக்கும் இருந்த ஒற்றுமை, பல்லாண்டு ஒன்றாய் வாழ்ந்த கணவன் மனைவியர் கண்ணசைவிற் பேசிக்கொள்வதை ஒத்தது. 2014ஆம் ஆண்டில் நெல்சன் 98 பந்துகளைப் பிடித்து 1,519 யார் தூரம் சேர்த்தார். அந்த ஒற்றுமையும் ஒரே நாளில் வந்ததன்று. 2009இலே, தம் இரண்டாம் ஆண்டில், நெல்சன் பிடித்த பந்துகள் 22 மாத்திரமே.

பார்வையாளர் கண்ணுக்கு ஒன்பதாம் இலக்கப் பாதை நன்றாகத் தெரியும். ஏனைய எட்டு ஒன்பது பாதைகளில் ஒருவன் செய்யும் பிழை தெரியாது. பந்து அவனை நோக்கி வராமலே போய்விடும், அவ்வளவுதான். ரசிகர் கண்டது பொய்யன்று. கண்டது ஒரு கிளையை, வாதிட்டது மரத்தைப்பற்றி.

2015 ஆகஸ்ட் 23ஆம் திகதி, ஒத்திகைப் போட்டியொன்றில் நெல்சனின் முழங்கால் நாண் அறுந்தது. அப்பருவம் முழுவதும் அவர் இல்லை. இனி ஜானிஸின் காலம் என்று ஊர் எதிர்பார்த்தது. இடமோ அடம்ஸுக்குப் போயிற்று. அடம்ஸ் அவ்வாண்டு கணுக்கால் நோவோடு ஆடினார். கைக்கு வந்த பந்துகளையும் நழுவவிட்டார். 50 பந்துகளுக்கு 483 யார், எல்லைக்குள் புகுந்தது ஒரே ஒரு தடவை. ஜானிஸோ ஒக்ரோபர் மாதத்தில் சான் டியேகோ அணிக்கு எதிராக இரண்டு பந்துகளைப் பிடித்து 79 யார் பறந்தார். அப்பருவத்தில் அவர் பிடித்தவையும் அவ்விரண்டுதான். பந்தொன்றுக்குச் சராசரி முப்பத்தொன்பதரை யார் என்று அவர் கட்சியார் மார்தட்டினர். இரண்டு பந்தை வைத்துச் சராசரி பார்ப்பது இரண்டு நாள் மழையை வைத்துப் பெரும்போக விளைச்சலைக் கணிப்பதுபோலத்தான். ஆனால் காதல் கொண்டவருக்குக் கணிதம் எதற்கு? அடம்ஸை உட்காரவைத்து ஜானிஸை இறக்குங்கள் என்னும் கூக்குரல் அவ்வாண்டின் பிற்பகுதியில் ஓங்கி ஒலித்தது. தலைமைப் பயிற்றுநர் மைக் மக்காத்தி அசையவில்லை.

பின்னர் வந்தது 2016 ஜனவரி 16ஆம் திகதி இரவு.

அரிசோனா அணியோடு அதன் சொந்த மைதானத்தில் வெளியேற்றுச் சுற்றுப் போட்டி. தோற்றவர் வீடு திரும்ப வேண்டும். முந்திய டிசம்பரில் அதே அணி பக்கர்ஸை 38க்கு 8 என்ற கணக்கில் துவம்சம் செய்திருந்தது. நெல்சன் இல்லை. அடம்ஸ் முழங்கால் நோவால் வரவில்லை. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே றன்டல் கொப் மார்பில் அடிபட்டு வெளியேறினார். இனி வேறு வழியில்லை. ஐந்தாமவர் முன்வரிசைக்கு வந்தார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லை. அரிசோனா 20, கிறீன் பே 13. பந்து பக்கர்ஸின் சொந்த எல்லையிலிருந்து வெறும் 4 யாரில். நான்காவது, அதாவது கடைசி முயற்சி. முன்னேற வேண்டியது 20 யார். றொட்ஜர்ஸ் தம் எல்லைக்குள்ளேயே பின்வாங்கி, துரத்துவோரிடமிருந்து இடப்பக்கம் நழுவி ஓடி, பந்தை வானத்தில் விட்டார். ஜானிஸ் அதைப் பிடித்தார். அறுபது யார்! இப்பால் தண்டனையாக 5 யார் பின்னே போக, மீந்தது 5 செக்கனும் 41 யாரும். மறுபடியும் றொட்ஜர்ஸ் இடப்பக்கம் ஓடினார். விழுந்துகொண்டே எறிந்தார் என்று சொன்னாலும் தகும். பந்து உயர்ந்து எல்லைக்குள் இறங்கியது. கீழே அரிசோனாவின் இரண்டு காவலர். அவர்களுள் ஒருவர் நாடறிந்த பற்றிக் பீற்றர்சன். இருவருக்கும் மேலாக எழும்பிய இரண்டு கைகள் அதைப் பற்றின. கடிகாரம் பூச்சியத்தில் நின்றது. அடுத்து உதைத்த ஒரு புள்ளியோடு இருபதுக்கு இருபது.

அன்று ஜானிஸ் பிடித்தவை 7 பந்துகள், 145 யார், எல்லைக்குள் இருமுறை. அவர் கட்சியார் அன்றிரவு பட்ட மகிழ்ச்சியை என்னென்பது! ஆனால் அது நீடிக்கவில்லை. மேலதிக நேரத்திலே நாணயம் சுண்டியபோது அது புரளவேயில்லை என்று மறுபடியும் சுண்டினார்கள். அரிசோனாவுக்குப் பந்து கிடைத்தது. முதல் முயற்சியிலேயே லறி பிற்ஸ்ஜெறால்ட் 75 யார் ஓடினார். சிறிது பொழுதில் அவரே 5 யாரிலிருந்து ஆட்டத்தை முடித்துவைத்தார். 26க்கு 20.

அந்த இரவு வழக்கைத் தீர்த்திருக்க வேண்டும். தீர்க்கவில்லை. ஜானிஸ் கட்சியார், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டனர். எதிர்க்கட்சியார், அவ்விரு பந்துகளும் பாதையும் இலக்கமும் இல்லாத ஆபத்துநேரப் பந்துகள். ஓடு, எழும்பு, பிடி என்பதற்குமேல் அவற்றில் ஒன்றுமில்லை. ஆட்டத்தில் அப்படி எத்தனை தடவை நேரும் என்றனர். பின்னவர் பக்கமே நியாயம் கூடுதலாக இருந்ததென்பது என் எண்ணம். ஆயினும் அவர்கள் ஒன்றை மறந்தார்கள். மற்றைய ஐந்து பந்துகள் வழமையான பாதைகளில் வந்தவை. அவற்றையும் அவர் பிடித்தாரே!

2016 ஆகஸ்டில் பயிற்சியின்போது ஜானிஸின் கை எலும்பு முறிந்தது. நெல்சன் திரும்பி வந்தார். தெரிவிலேயே இடம்பெறாமல் வந்த ஜெறொனிமோ அலிசன் என்னும் புதியவர் பருவ இறுதியில் ஜானிஸை முந்தினார். அவ்வாண்டு ஜானிஸுக்கு 11 பந்துகள், 93 யார், எல்லைக்குள் ஒருமுறை. 2017இல் இரண்டே பந்துகள். பந்து உதைக்கும் வேளையில் ஓடிச்சென்று விழுத்தும் பணியிலோ அணியின் நம்பிக்கைக்குரியவருள் ஒருவராக அவர் விளங்கினார். அதை ஓர் இறக்கமாகக் கருதியோர் அவர் விசிறிகள்தாம். 236ஆம் ஆளாய் வந்தவர் நான்கு பருவம் நிலைத்தது அந்த ஓட்டத்தினாற்றான்.

அடம்ஸின் கதை வேறு விதமாயிற்று. யாரை உட்காரவைக்கச் சொன்னார்களோ, அவர் 2016இல் 12 தடவை எல்லைக்குள் புகுந்தார். 2020இல் 18 தடவை. 2021இல் 123 பந்துகள், 1,553 யார். அக்காலப் பந்தேற்போரில் முதல்வர் என்று பலராலும் மதிக்கப்பட்டார். பயிற்றுநர்களின் கண் கூர்மையானது என்று இதனாற் சொல்லிவிடலாம். ஆனால் 2015இல் அடம்ஸ் பட்ட பாட்டை 236ஆம் ஆள் ஒருவர் பட்டிருந்தால் அவருக்கு 2016 என்று ஓர் ஆண்டு கிடைத்திருக்குமா? இரண்டாம் சுற்றுக்காரருக்கு அணி பெருவிலை கொடுத்திருக்கிறது. அந்த விலை வீணாகாமலிருக்க அவருக்குத் தவணைமேல் தவணை கொடுக்கும். கடைசிச் சுற்றுக்காரருக்கு முதற் பிழையே கடைசிப் பிழையாவதும் உண்டு. ஜானிஸ் கட்சியாரின் வாதத்தில் வலிமையான பகுதி இதுதான். வேகத்தையே பேசிக்கொண்டிருந்த அவர்கள் இதை உரக்கச் சொல்லாமற் போனது வியப்பு.

ரசிகர் எப்போதும் தோற்பதில்லை. 2010 ஆகஸ்ட் 16ஆம் திகதி நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் ஒத்திகைப் போட்டியில், எந்தச் சுற்றிலும் தெரிவாகாத விக்டர் குரூஸ் என்னும் இளைஞர் 6 பந்துகள் பிடித்து 145 யார் சேர்த்து மூன்று தடவை எல்லைக்குள் புகுந்தார். ஓரிரவு மின்மினி என்றோர் பலர். அவ்வாண்டு காயத்தால் ஒரு பந்தும் பிடிக்காமலே அவர் பருவம் முடிந்தபோது அப்படித்தான் தோன்றியது. அடுத்த ஆண்டு ஒருவர் வேறு அணிக்குப் போனார், இன்னொருவர் முழங்கால் ஒடிந்து விழுந்தார்; குரூஸுக்கு வழி திறந்தது. 82 பந்துகள், 1,536 யார். 2012 பெப்ரவரியில் அணி சுப்பர் போல் வென்றது. ஆகஸ்ட் ஓரிரவிற் கண்டதை நம்பியவர்கள் அங்கே வென்றார்கள். அதே 145 யார், அரிசோனாவிலே வேறொருவருக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை.

2018இல் கிளீவ்லண்ட் அணி ஜானிஸை ஒப்பந்தஞ் செய்தது. பருவப் போட்டி ஒன்றிலும் அவர் ஆடவில்லை. அவருடைய கணக்கு நான்கு பருவங்களில் 17 பந்துகள், 200 யார் என்று ஏட்டில் முடிந்திருக்கிறது. வெளியேற்றுச் சுற்றுப் போட்டிகளின் கணக்கை வேறாகவே எழுதுவது வழக்கமாதலால், அரிசோனா இரவு அந்த 17இல் அடங்காது.

அவர் போன அதே ஆண்டு பக்கர்ஸ் அணி நான்காம், ஐந்தாம், ஆறாம் சுற்றுகளில் ஒவ்வொருவராகப் புதிய பந்தேற்போர் மூவரை எடுத்தது. ஜூலை இறுதியில் சிறுவர்கள் மறுபடியும் சைக்கிள்களோடு வந்து நின்றார்கள். மூவருள் யார் நிலைப்பார் என்ற வழக்கு அன்றே மதுச்சாலையிற் தொடங்கிவிட்டது. நான்காம் சுற்றுக்காரர் ஓராண்டில் நீக்கப்பட்டார். ஐந்தாம் சுற்றுக்காரரே முன்வரிசைக்கு வந்தார்.